தோட்டத்து வீட்டில் 4ஜி ரவுட்டர் அடிக்கடி நின்றுபோகிறது. ரீசெட் பண்ணலாமா?

ரீசெட் பட்டனை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதை அழுத்தினால் வைஃபை பெயர், பாஸ்வேர்ட், உள்ளே போட்டுவைத்த செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிடும். ரவுட்டர் நின்றுபோகும் காரணம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறீர்கள், பின்னேரமானால் நெட் நிற்கிறது, ஆஃப் பண்ணிப் போட்டால் கொஞ்ச நேரம் வருகிறது, மகளின் சாதாரண தரப் பரீட்சை ஆன்லைன் வகுப்பு பாதியில் அறுபடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இது சின்னப் பிரச்சினை இல்லை.

முதலில் டேட்டா மிச்சத்தைப் பாருங்கள். சில பெக்கேஜ்களில் பகலுக்கும் இரவுக்கும் டேட்டா தனித்தனி. மொத்தத்தில் நிறைய மிச்சம் காட்டும், பகல் பங்கு முடிந்திருக்கும்.

அது சரியென்றால், அடுத்த தடவை நிற்கும்போது போனில் வைஃபை பட்டியலைப் பாருங்கள். உங்கள் ரவுட்டரின் பெயரே காணாமல் போய், விளக்குகள் அணைந்து திரும்ப எரிந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது அடப்டரைத்தான். லயத்து வீடுகளில் பின்னேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் கேத்தலும் அயனும் போடும்போது பல்பே மங்குகிறது. கரண்ட் இப்படி ஏறி இறங்கும் இடத்தில் அடப்டர் சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்த அடப்டர் விளக்கை எரியவைக்கும்; ரவுட்டர் டவரோடு பேசத் தொடங்கிக் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும்போது தாங்காது. அதனால்தான் பலர் ரவுட்டர் பழுதென்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். அடப்டர் மாற்றும்போது வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். 12 வோல்ட் 1 அம்பியருக்குப் பதில் 12 வோல்ட் 1.5 அம்பியர் போடலாம். பின் அளவும், லேபலில் கூட்டல் கழித்தல் அடையாளம் போட்டிருக்கும் விதமும் ஒத்திருக்க வேண்டும்.

வைஃபை பெயர் இருக்கிறது, கனெக்ட் ஆகிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்றால் சிக்னலைப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (192.168.8.1 அல்லது 192.168.1.1 போல இருக்கும்) போன் பிரவுசரில் அடித்து உள்ளே போனால், பல மொடல்களில் ஆர்எஸ்ஆர்பி (RSRP, டவர் சிக்னலின் பலம்) என்று ஓர் எண் காட்டும். மைனஸ் 90க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டி மைனஸ் 115, 120 என்று போய்விட்டால் அறுந்து அறுந்துதான் வரும். பொகவந்தலாவையில் அக்கா வீட்டு லயத்தில் ரவுட்டர் டீவிக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே தகரம், பக்கத்தில் இரும்பு அலுமாரி, மைனஸ் 113. பள்ளத்தைப் பார்த்த ஜன்னலில் வைத்ததும் மைனஸ் 99 ஆனது. தகரம் சிக்னலை அடைத்துவிடும். ஒவ்வொரு ஜன்னலாக வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, எண்ணைப் பாருங்கள்.

மூடுபனியால்தான் நெட் போகிறது என்று நம் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். 4ஜி அலைவரிசைக்கு மூடுபனி ஒரு தடையே இல்லை, நடுவில் நிற்கும் மலைதான் தடை. மழை நாளில் டவருக்கே கரண்ட் போய், அங்குள்ள பெட்டரி தீர்ந்தாலும் நெட் நிற்கும். பக்கத்து வீட்டில் அதே கம்பனி சிம் வேலை செய்கிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும் நேரம் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். கூரையில் அன்டெனா பூட்டியிருந்தால் அதன் வயரையும் இடிக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

சிக்னல் எண் நன்றாக இருந்தும் இரவு ஏழு, எட்டு மணிக்கு மட்டும் நெட் ஊர்ந்தால், டவரில் கூட்டம் என்று அர்த்தம். அதை வீட்டில் இருந்து திருத்த முடியாது. கம்பனிக்குக் கோல் எடுத்து நேரத்தையும் அந்த எண்ணையும் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.