யூரியா கரைத்த வாளி ஏன் சில்லிடுகிறது?

கேள்வி: தெளிப்பதற்கு யூரியா கரைத்தால் வாளி சில்லென்று ஆகிறது. வெள்ளையடிக்க, சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது. இரண்டும் என்தால்பிதான் என்கிறாள் பிளஸ் ஒன் படிக்கும் மகள். ஆனால் யூரியாவுக்கு மைனஸ் போட்டு மார்க்கைக் கோட்டைவிட்டாள். என்தால்பி என்பது வெப்பமா, வேறா?

பதில்: உங்கள் மகள் செய்தது நிறையப் பேர் செய்கிற தப்புதான். கை சில்லிட்டதும் மைனஸ் போட்டுவிடுகிறார்கள். கணக்கை எழுத வேண்டியது கரைசலின் பேரில், நம் கையின் பேரில் அல்ல. குளிர்ந்த கரைசல் பழைய சூட்டுக்குத் திரும்ப வெளியிலிருந்து வெப்பம் வாங்கியாக வேண்டும். வாங்கினால் வரவு, அதனால் பிளஸ். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் வேதியியல் அளவு) யூரியா, அதாவது 60 கிராம், கரைய ஏறக்குறைய 15 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுத் தெர்மாமீட்டரை வைத்தால் மூன்று டிகிரிக்கு மேல் இறங்குவதைப் பார்க்கலாம்.

சுண்ணாம்பு நேர் எதிர். ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு, அதாவது 56 கிராம், நீறும்போது சுமார் 65 கிலோஜூல் வெளியே போகிறது, ஆகவே மைனஸ் 65. ஒரு கிலோ கல் விடும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் கிட்டத்தட்ட நான்கு லிட்டர் கொதிநிலைக்கு ஏற்றப் போதும். (பிளாஸ்டிக் வாளியில் நீற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.)

சரி, வெப்பமா, வேறா? வெப்பம் கைமாறுகிற ஆற்றல், என்தால்பி பொருளிடம் இருக்கிற ஆற்றலின் கணக்கு. திறந்த பாத்திரத்தில் அழுத்தம் மாறாது. அங்கே கைமாறிய வெப்பமும் என்தால்பி மாற்றமும் ஒரே எண்ணாக வரும், குழப்பம் அங்கேதான்.

சூத்திரத்தில் என்தால்பி = அக ஆற்றல் (பொருளின் மூலக்கூறுகளிடம் இருக்கும் ஆற்றல்) + அழுத்தம் × கனஅளவு என்று இருக்கும். அந்த இரண்டாவது பகுதி எதற்கு? அடுப்பில் கொதிக்கும் தண்ணீரைப் பாருங்கள். 18 கிராம் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாக 40.7 கிலோஜூல் கேட்கும். 18 மில்லி தண்ணீர் சுமார் 30 லிட்டர் நீராவியாக விரிகிறது. அவ்வளவு இடத்துக்குக் காற்றைத் தள்ளி ஒதுக்க வேண்டுமே, அதற்கு மட்டும் 3.1 கிலோஜூல். மீதி 37.6 மூலக்கூறுகளைப் பிரிக்கப் போகிறது. இறுக மூடிய உறுதியான கலத்தில் தள்ளும் வேலையே இல்லை. அங்கே அளந்த வெப்பம் அக ஆற்றல் மாற்றம் மட்டும்தான்.

வெப்பம் வாங்கியும் யூரியா ஏன் தானாகக் கரைகிறது என்று மகள் அடுத்துக் கேட்பாள். அதற்கு என்ட்ரோபியும் (துகள்கள் எவ்வளவு சிதறிக் கலந்திருக்கின்றன என்பதன் அளவு) வேண்டும், அந்தப் பாடம் பின்னால் வரும். அப்புறம் உங்களுக்கு ஒன்று: சில்லிட்ட தண்ணீரில் யூரியா மெதுவாகத்தான் கரையும். நன்றாகக் கலக்கி, கொஞ்சம் பொறுத்து டேங்கில் ஊற்றுங்கள், குருணை நாசிலை அடைக்காது.