பழைய பைபர் கிளாஸ் பாய்ப்படகின் உடலைக் கொழும்பில் நாமே புதுப்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் பெயின்ட் வாங்க இப்போதே ஓடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: முப்பது வருடப் பழைய, பதினான்கு அடிப் பாய்ப்படகு. மொறட்டுவையில் பொல்கொட வாவிக் கரையில் தள்ளுவண்டி மேல் நிற்கிறது. கடும் நீலம் வெளிறிவிட்டது, தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் பாஸ் ஒருவர், முழுக்கச் சுரண்டி அடித்தால்தான் சரிவரும் என்கிறார். நானும் அதே வாவியில் ஜிபி14 என்கிற பதினான்கு அடி பைபர் பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறேன். அதன் உடலை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது, முதல் தடவை பிழையாகப் போனதால். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பைபர் படகின் மேல் தெரிவது பெயின்ட் இல்லை. ஜெல்கோட் என்கிற, நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். அச்சுக்குள் முதலில் பூசுவது அதைத்தான், கண்ணாடி இழைப் பாய்கள் அதன் முதுகில் ஏறும். தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயில் அதன் மேல்தோலைத் தின்கிறது, உங்கள் கையில் ஒட்டுவது அப்படிச் செத்த தோல். அதற்கு அடியில் உயிருள்ள ஜெல்கோட் இன்னும் இருக்கலாம். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் 1949இல் ஜிபி14ஐ வரைந்தபோது அது பிளைவுட் படகு. மரத்துக்கு பெயின்ட்தான் கவசம், அது போனால் மரமும் போகும். பைபருக்கு அந்த அவசரம் கிடையாது.

ஒரு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடத்தில் பழைய நீலம் ஆழமாகத் திரும்பி வந்தால் நல்ல அறிகுறி. அப்புறம் உள்ளங்கை அளவு இடம் ஒன்றைத் தெரிந்து, சவர்க்காரத் தண்ணீர் விட்டு 800 நம்பர் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். முதலில் வழிவது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். தேய்க்கத் தேய்க்க அதில் நீலம் கலக்கத் தொடங்கும். அந்த நீலத் தண்ணீர் விரலிடுக்கால் இறங்கும்போது வரும் சந்தோஷமே தனி. உயிருள்ள இடத்தைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். அந்தப் பேப்பரை அதோடு நிறுத்திவிட்டு 1200, 2000 என்று ஏறி, கட்டிங் பேஸ்ட் போட்டு, பொலிஷ் பண்ணிப் பாருங்கள். பளபளப்பு வந்தால் படகு முழுவதையும் அப்படியே செய்து மெழுகு பூசிவிடலாம். பெயின்ட் தேவையில்லை. நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வேலை, தோள் வலிக்கும், ஆனால் அதுதான் சரியான வேலை. மெஷின் பிடித்தால் மடிப்பு விளிம்புகளில் மட்டும் கவனம், அங்கே ஜெல்கோட் மெல்லிசு, ஒரு நிமிஷத்தில் இழை தெரிந்துவிடும். பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மெழுகு போடுங்கள், நம் வெயிலுக்கு ஒரு தடவை போதாது.

தேய்க்கும்போது நீலம் வராமல் இழையின் நெசவு தெரிந்தால் ஜெல்கோட் முடிந்துவிட்டது. அப்போதுதான் பெயின்ட்.

அதற்கும் சுரண்டுவது முதல் வேலை இல்லை, கழுவுவதுதான். பழைய படகு என்றால் வருடக்கணக்காக யாரோ பூசிய மெழுகும் சிலிக்கோனும் அதில் இருக்கும். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகை நாமே கீறல்களுக்குள் இறக்கிவிடுகிறோம், பெயின்ட் அந்த இடங்களில் சிறு சிறு குழியாக விலகி நிற்கும். மெழுகு அகற்றும் சொல்வன்டை (கரைப்பான்) ஒரு துணியால் பூசி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். பழைய சோனகத் தெருப் பக்கம் வாட்டர் பேப்பர், ரோலர், தறப்பாள் எல்லாம் ஒரே நடையில் வாங்கலாம்.

வெடிப்புகளின் மேல் பட்டி இழுத்து மறைக்காதீர்கள். சிலந்தி வலை போல ஓடும் கீறலை ஆங்கில ‘வி’ வடிவில் திறந்து எபொக்சி பட்டியால் நிரப்புங்கள். எபொக்சி நம் ஈரலிப்பில் காயும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு விடும். அதை வெறும் தண்ணீரும் பச்சை நிறத் தேய்ப்பானும் கொண்டு கழுவிய பிறகே பேப்பர் போட வேண்டும். பாலியெஸ்டர் ரெசினால் ஒட்டுவதானால் ஒரு எச்சரிக்கை: அதை இறுகவைக்கும் கட்டலிஸ்டையும், இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகுதான் கட்டலிஸ்ட். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கட்டலிஸ்ட் போத்தலைத் திறக்கவும் வேண்டாம், ஒரு துளி கண்ணுக்குப் போதும்.

அப்புறம் இரண்டு கோட் எபொக்சி பிரைமர் (அடிப்பூச்சு), கடைசித் தேய்ப்பு 320 நம்பர் பேப்பரால். மேல் கோட்டுக்கு இரண்டு பகுதிப் பொலியூரிதேன், அதாவது அடிக்கும் முன் ஹார்ட்னர் என்கிற இறுக்கியைக் கலக்கும் பெயின்ட்.

நான் பிழை விட்டது இந்த இடத்தில். நவம்பரில் ஒரு நாள், மழை விட்டு வெயில் எறித்ததைப் பார்த்துப் பின்னேரம் மூன்றரைக்கு அடிக்கத் தொடங்கினேன். ஐந்து மணிக்கு முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. விடியப் போய்த் தறப்பாளைத் தூக்கினால், ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி மங்கிக் கிடந்தது. அன்று தேத்தண்ணி கூட இறங்கவில்லை. பெயின்ட்டில் குறையில்லை. பொலியூரிதேனின் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்கிற இரசாயனம், பெயின்ட்டோடு சேர வேண்டிய நேரத்தில் தண்ணீரோடு சேர்ந்துவிட்டது. கொழும்பில் பகல் 30 பாகை, ஈரலிப்பு 70 வீதம் என்றால் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் வெப்பநிலை, கிட்டத்தட்ட 24 பாகை. இரவில் படகின் உடல் அந்த அளவுக்குக் குளிர அதிக நேரம் பிடிக்காது, வாவிக் கரையில் கேட்கவே வேண்டாம். முழுவதையும் திரும்பத் தேய்த்தேன்.

இரண்டாம் தடவை பெப்ரவரியில் செய்தேன். நமக்கு ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான் இந்த வேலைக்குக் காலம். காலையில் வெயில் ஏறி, உடலில் இருந்த ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, ஒன்பதரை போல ஆரம்பித்துப் பதினொன்றரைக்குள் ஒரு கோட்டை முடித்துவிடுங்கள். வெயில் நேரே படாத நிழல் வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் பரவும் முன்பே இழுபட்டு இறுகும். ஒருவர் நுரை ரோலரால் மெல்லிசாக உருட்டிப் போக, மற்றவர் நல்ல தூரிகையின் நுனியால் பாரமே கொடுக்காமல் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். ரோலர் விட்ட குமிழிகள் உடையும், தூரிகைக் கோடுகள் கண் முன்னாலேயே தானாக அடங்கி மட்டமாகும். அடங்கிய இடத்தை, தூசி விழுந்தாலும் சரி, திரும்பத் தொடாதீர்கள். எனக்கு என் மச்சான் தூரிகை பிடித்தார், மூன்று மெல்லிய கோட் போட்டோம்.

ஸ்பிரே பண்ணச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த ஐசோசயனேட் புகையாகச் சுவாசப்பைக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு வாழ்நாள் முழுக்கச் சிறிதளவும் தாங்காது. அதை ஸ்பிரே பண்ணுபவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வரும் முகமூடி வேண்டும், தூசி மாஸ்க் எதையும் தடுக்காது. ரோலரால் அடித்தாலும் கார்பன் வடிகட்டி வைத்த முகமூடியும் கையுறையும் போடுங்கள்.

காய்ந்ததும் ஒரு கிழமை பொறுத்துத் தண்ணீரில் இறக்குங்கள். இந்த பெயின்ட் எப்போதும் தண்ணீருக்குள் கிடக்க ஏற்றதல்ல. ஓடிவிட்டுக் கரையேற்றும் நம் மாதிரிப் படகுக்குச் சரி. தள்ளுவண்டியில் படகு உட்காரும் இடத்தில் கம்பளம் சுற்றியிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்து, சரியாக அந்த இரண்டு இடத்தில் மட்டும் பெயின்ட்டைக் கொப்பளிக்க வைக்கும். நான் ரப்பர் உருளைகளாக மாற்றிவிட்டேன்.