பகல் நித்திரையும் 400 மீற்றரும்

கேள்வி: என் மகன் பத்தாம் ஆண்டு படிக்கிறான். 400 மீற்றர் ஓடுவான், வலயமட்டம் வரை போயிருக்கிறான். பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டவுடன் படுத்துவிடுகிறான். நாலு மணிக்குப் பயிற்சி. ஆறு மணிக்கு ரியூசன். அது முடிந்து வந்து, படித்துவிட்டுப் படுக்கப் பதினொரு மணியாகும். விடிய ஐந்தரைக்குக் கணித வகுப்பு. பகலில் நித்திரை கொண்டால் உடம்பு கனத்து ஓட்டம் குறைந்துவிடும் என்கிறார் அவனுடைய மாமா. எழுப்பிவிடவா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: எழுப்பாதீர்கள், சகோதரி. மாமாவுக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ரியூசன்தான்.

ரியூசனைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் ‘ஆசிரியர் படிப்புக்கு எதிரி’ என்று கடிதம் வருகிறது. வரட்டும். உங்கள் மகன் பதினொரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்புகிறான். ஆறு மணித்தியாலம். அந்த வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் தேவை என்பதுதான் நித்திரை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமும் பின்னுக்குப் போய்விடும். இரவில் கண் சொருகப் பிந்தும், விடிய எழும்பக் கஷ்டப்படும். அந்த வயதுப் பிள்ளைகளைப் பிடித்து விடிய ஐந்தரைக்கு வாங்கில் உட்கார வைக்கிறோம். இதைச் செய்பவர்கள் உயிரியலும் கற்பிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

பிள்ளை மத்தியானம் படுப்பது சோம்பல் இல்லை. பெரியவர்கள் சேர்ந்து அவன் தலையில் ஏற்றிய கடனில் ஒரு பங்கை அவனே அடைக்கிறான்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு. முதல் நாள் இரவு நாலு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொண்ட பத்து ஆண்களை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நாள் அரை மணித்தியாலம் படுக்கவிட்டார்கள், இன்னொரு நாள் சும்மா இருக்கவிட்டார்கள். படுத்த நாளில் 20 மீற்றர் ஓட்டத்தின் சராசரி நேரம் 3.971 செக்கனிலிருந்து 3.878 ஆகக் குறைந்தது. 20 மீற்றருக்குள்ளேயே ஒரு செக்கனில் கிட்டத்தட்டப் பத்திலொரு பங்கு! வலயமட்டத்தில் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையில் எவ்வளவு இருக்கும் என்பது ஓடியவனுக்குத் தெரியும். துனீசிய ஆய்வாளர்கள் 45 நிமிடம் வரை படுக்கவிட்டுப் பார்த்தபோதும் பின்னேர ஓட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இரவு நித்திரையின் பலன் இதைவிடப் பெரியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து விளையாடும் 11 மாணவர்களைச் சில வாரங்களுக்குத் தினமும் பத்து மணித்தியாலம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். முடிவு 2011இல் வந்தது. ஓட்டம் வேகமானது, தண்ட எறிகள் ஒன்பது வீதம் கூடுதலாகக் கூடைக்குள் விழுந்தன. வெபர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்த ஊர் மட்டக்களப்பு. அவர் பெயரில் மைதானம் வைத்திருக்கும் நாம், அதில் விளையாடப் போகும் பிள்ளையின் நித்திரையை வகுப்புக்கு விற்றுவிடுகிறோம்.

மாமா சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது. நீண்ட நேரம் படுத்தால் ஆழ்ந்த நித்திரைக்குள் போய்விடுவோம். அதன் நடுவில் எழுப்பினால் தலை கனக்கும், கால் இழுக்கும். அந்தக் கனம் தெளியக் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இரண்டேகாலுக்குப் படுத்து மூன்று மணிக்குள் எழும்பட்டும். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, நாலு மணிக்கு மைதானத்தில் நிற்கலாம். நாலு மணிக்குப் பிறகு படுக்க வேண்டாம், இரவு நித்திரை கெடும். மத்தியானச் சோறுதான் தூக்கத்தைத் தருகிறது என்று அவனைப் பட்டினி போடவும் வேண்டாம். சாப்பிடாதவனுக்கும் அந்த நேரத்தில் கண் சொருகும், உடம்பின் நாளோட்டமே அப்படி.

பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் வேளாண்மைக்கு யானைக்காவல் இருந்தவர் மத்தியானம் பன்பாயை விரித்தால் யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. விடியக் கரைக்கு வந்த கடற்றொழிலாளி பகலில் படுத்தாலும் அப்படித்தான். உழைப்பவனுக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மத்தியான வெயிலில் அவன் வேறு எங்கே போவான்? நிழல் தந்த மரங்களைப் பாடசாலை வளவுகளில் வெட்டித் தள்ளியதைப் பற்றி முன்பும் எழுதினேன், இன்னும் எழுதுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரியூசன் ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பின்னேர வகுப்பு எட்டு மணிக்கு முடியட்டும், வீட்டில் ஒன்பதரைக்கு விளக்கை அணையுங்கள். விடியற்காலை வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டேன் என்றால் அந்த வகுப்பிலிருந்து மகனை நிறுத்திவிடுங்கள்.