கருத்தரங்குக்கு முன் ஒரு விண்ணப்பம்: மகளின் ஆய்வைக் குறித்துக் கவலைப்படும் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

உயிர்த்தொழில்நுட்பத்தில் எம்.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பால் கெடத் தொடங்குவதை நிறமாற்றத்தால் காட்டும் தாள்பட்டை ஒன்றைச் செம்பருத்திப் பூவின் சாயத்தைக் கொண்டு உருவாக்கியிருப்பதாகவும், அதைக் கல்லூரியோ வழிகாட்டிப் பேராசிரியரோ தம் பெயரில் எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமானது, உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் செய்தி: அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் அவர் இந்த ஆய்வை விளக்கப் போகிறார் என்பது.

அவர் கண்டுபிடிப்பைப் பிறர் செய்து விற்காமல் தடுக்கும் காப்புரிமை, புதியதற்கு மட்டுமே கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஆய்வாளர் தாமே அதை வெளிப்படுத்திவிட்டாலும் அதன் புதுமை போய்விடும். கருத்தரங்கச் சுவரொட்டி, கட்டுரைச் சுருக்கம், சமூக ஊடகத்தில் பெருமையோடு இடும் படம், ஆய்வேடுகளை எவரும் படிக்க இணையத்தில் வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறும் ஆய்வேடு என எல்லாமே வெளிப்படுத்துதல்தான். அறிஞர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது. ஆனால் அது குறுகிய விலக்கு. உங்கள் மகள் செல்லும் கருத்தரங்கு அதில் அடங்கும் என்று நம்பியிருக்க முடியாது, ஐரோப்பாவில் அது செல்லுபடியாகவும் ஆகாது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையை ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹனும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் போயரும் 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். காப்புரிமை பற்றிய எண்ணம் அதன் பிறகுதான் ஸ்டான்ஃபோர்டில் எழுந்தது. அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டு அவகாசம் முடியச் சில நாட்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4 அன்று விண்ணப்பம் தாக்கலானது. அமெரிக்க உரிமை பிழைத்தது. வெளிநாட்டு உரிமைகள் அந்தக் கட்டுரையோடு போய்விட்டன. அமெரிக்க உரிமை மட்டுமே, நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியதன் வழியாக, அவ்விரு பல்கலைக்கழகங்களுக்கும் சுமார் 25 கோடி டாலர் ஈட்டித் தந்தது.

ஆகவே கருத்தரங்கைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு முன், கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணமான தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தால் போதும். அந்தத் தேதியே முன்னுரிமைத் தேதி, அதாவது புதுமையைக் கணக்கிடும் தேதியாகும். முழு விவரக்குறிப்பை 12 மாதங்களுக்குள் கொடுக்கலாம், வெளிநாடுகளில் விண்ணப்பிக்கவும் அதே 12 மாதங்கள்தாம் கெடு. தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான்; விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரும் காப்புரிமை முகவரின் கட்டணமும், காப்புரிமை அலுவலகம் அதைப் பின்னர் ஆராய்வதற்கான பரிசோதனைக் கட்டணமும் தனி. ஆனால் தற்காலிகம் என்பதற்காக நான்கு வரியில் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. அதில் சொல்லாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பூச்சாயங்கள் அமில காரத் தன்மைக்கேற்ப நிறம் மாறுவது பழைய அறிவு; அதைக் கொண்டு உணவின் கெடுதலைக் காட்டும் ஆய்வுகளும் ஏராளம். உங்கள் மகளின் புதுமை, சாயம் வெளிறாமல் தாளில் நிலைக்கச் செய்த முறையிலோ, பாலின் கொழுப்பு குறுக்கிடாதபடி அவர் சேர்த்த பூச்சிலோதான் இருக்கக்கூடும். அது எது என்பதை, காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடுதளத்தில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து தேடி, அவரே ஒரு பத்தியில் எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பத்தி எழுத வரவில்லையென்றால், விண்ணப்பிக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று கொள்ளலாம். பயன்படுத்துவது தாவரப் பொருள் என்பதால், சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டுமா என்பதையும் முகவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் அச்சம். கண்டுபிடித்தவர் யார் என்பதும் உரிமையாளர் யார் என்பதும் இரு வேறு கேள்விகள். கல்லூரியின் ஆய்வகத்தையும் நிதியையும் பயன்படுத்திய ஆய்வுக்குக் கல்லூரியே உரிமையாளராக விண்ணப்பிப்பது வழக்கம். அதைத் திருட்டு என்று எண்ண வேண்டாம். சேர்க்கையின்போது கையொப்பமிட்ட படிவத்தையும், கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும் வாங்கிப் படியுங்கள். உரிமத் தொகையில் கண்டுபிடிப்பாளருக்கு எத்தனை பங்கு என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். ஆனால் கண்டுபிடிப்பாளர் வரிசையில் உங்கள் மகளின் பெயர் இடம்பெறுவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதற்குச் சான்று, பக்க எண்ணும் தேதியும் இட்டு, வழிகாட்டியின் கையொப்பம் பெற்ற ஆய்வகக் குறிப்பேடு.

காப்புரிமை கிடைத்தால் பணம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். தானாக வராது. விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு, பிறர் அதைச் செய்து விற்பதைத் தடுக்கும் உரிமை அது; உரிமத்தை வாங்க ஒரு பால் நிறுவனமோ, சொந்தமாகத் தொடங்க ஒரு குழுவோ வேண்டும். ஆயிரம் பட்டைகளை ஒரே தரத்தில் செய்ய முடியுமா, மே மாத வெயிலில் அவை தாங்குமா என்பவைதாம் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விகள். அந்த நிலைக்கு எடுத்துச் செல்லவே உயிர்த்தொழில்நுட்பத் தொழில்முனைவுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் (BIRAC) பிக் (BIG) நிதியுதவி 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஐஐடி மெட்ராஸின் தொழில் வளர்ப்பகத்தில் வளர்ந்த மின் ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர் எனர்ஜியை அறிந்திருப்பீர்கள். அங்கும் ஆய்வகத்திலிருந்து சாலைக்கு வர ஆண்டுகள் பல பிடித்தன.

இந்தத் தாள்பட்டை சந்தைக்கு வராமல் போனாலும், இந்த வேலையை உள்ளிருந்து கற்ற உயிர்த்தொழில்நுட்பப் பட்டதாரிக்குக் காப்புரிமை முகவர் தேர்வு ஒரு நல்ல வழி. அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் 21 வயதும் போதும், சட்டப் பட்டம் தேவையில்லை. அது பிறகு பார்க்க வேண்டியது. இந்த வாரம் அவர் வழிகாட்டியோடு சேர்ந்து கல்லூரியின் அறிவுசார் சொத்துப் பிரிவுக்குச் சென்று, கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை கருத்தரங்குக்கான சுருக்கத்தை அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அது அச்சாகும் தேதியை இன்றே அமைப்பாளர்களிடம் கேட்டு எனக்குத் தெரிவியுங்கள்.