பாடத்திட்டத்துக்கு வெளியே படிப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்குப் பதில்கள்

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தாமாகக் கற்பது பற்றிப் பழைய வட ஆற்காட்டு மாவட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வாணியம்பாடி, பி.எஸ்சி. வேதியியல்: சார், நோட்ஸை மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்குகிறேன். ஆனால் எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊர்க் கிணற்றிலிருந்து தொடங்குங்கள் தம்பி. பாலாற்றங்கரைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது? தோல் பதனிடும் ஷாப்தான் காரணம் என்பார்கள். எப்படி என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. உங்கள் படிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரோடு போய்விடுகிறது. பதனிடப் பயன்படும் குரோமியத்தைச் சுத்திகரிப்பில் வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். கரைந்த சாதா உப்பு அப்படி அடியில் படியாது. ஏன் என்பதற்கு விடை, நீங்கள் மனப்பாடம் செய்த கரைதிறன் பாடத்திலேயே இருக்கிறது.

வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷனை லேபில் செய்திருப்பீர்கள். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் உப்பின் பகுதியான குளோரைடை அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 250 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை அனுமதி. ஆனால் ஒரே கிணற்றை அளந்துவிட்டு ஷாப்பின் மேல் பழி போடாதீர்கள். நம் பக்கத்துப் பாறை நிலத்தில் இயல்பாகவே உப்பு இருக்கக்கூடும். ஷாப்களுக்கு எட்டாத மேட்டுப்பக்கக் கிணற்றையும் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

அப்புறம் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று விவகாரத்தில் தந்த தீர்ப்பைப் படியுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் தெளிவாகச் சொன்னார்கள். தீர்ப்பு முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொந்தத்தில் யாராவது ஷாப்பில் வேலை செய்தால் அவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தச் சம்பளத்தில் நடக்கும் குடும்பங்களும் இந்தக் கேள்விக்குள் வருகின்றன.

காட்பாடி, பொறியியல்: ஐஐடிகள் நடத்தும் என்பிடிஇஎல் இணைய வகுப்புகளில் சேர்ந்து சேர்ந்து பாதியில் விட்டுவிடுகிறேன் சார்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து விலகிவிடுங்கள். வீடியோ பார்ப்பது இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். அதனால் நிதானமாகப் போகலாம். வீடியோவை நிறுத்திவிட்டு அதில் வரும் கணக்கைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். போட வரவில்லை என்றால் அந்த வகுப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

வாலாஜாபேட்டை, பி.ஏ. வரலாறு: எங்கள் துறையில் லேப் இல்லையே ஐயா?

இந்த மாவட்டமே உங்கள் லேப்தான் அம்மா! 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயரை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டை வேலூரில் இருக்கிறது. ஆனால் நான் முதலில் உங்களை மகேந்திரவாடிக்குத்தான் அனுப்புவேன். ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் எடுத்த விஷ்ணு கோயில் அது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் அரசன் தன் பெயரையே வைத்ததை பல்லவ கிரந்தம் என்ற பழைய எழுத்தில் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாறை குடையும் அரசன் ஏரியைப் பற்றி ஏன் பேசுகிறான்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பல்லவர் காலப் பாசனம் முழுக்கப் படிக்க வேண்டி வரும். அந்த எழுத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பொறுமைதான் வேண்டும், தனித் திறமை தேவையில்லை.

குடியாத்தம், பி.காம்.: அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைக்கிறார். இப்படிப் படித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலில் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் சமரசமே வேண்டாம். மீதி நேரத்தில் ஒரு மணி நேரம் உங்களுடையதாக இருக்கட்டும். பீடிக் கட்டுக்கு அம்மாவுக்கு வரும் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, இலையும் தூளும் யார் தருகிறார்கள், கழிவு என்று எதைப் பிடிக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் செலவுக் கணக்கியல் பாடம் அதில் உயிரோடு இருக்கிறது. இப்படி ஒன்றைச் செய்தவர் நேர்காணலில் சொந்தமாகப் பேசுவார்; மற்றவர் நோட்ஸைத்தான் பேச முடியும்.

ஆற்காடு, இளங்கலை இயற்பியல்: தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலப் புத்தகம் எடுத்தாலே பயமாக இருக்கிறது.

தமிழில் ஒருமுறை புரிந்துகொண்ட பாடத்தையே ஆங்கிலத்தில் படியுங்கள். புதுப் பாடம், புது மொழி இரண்டையும் ஒன்றாகத் தூக்க வேண்டாம். பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலின் இரண்டு வழிப் பதிப்புகளையும் அருகருகே வைத்துத் தொடங்கலாம்.

வேலூர், முதுகலை மாணவி: தனியாகப் படிப்பதா, சேர்ந்து படிப்பதா?

படிப்பது தனியாக, பேசுவது சேர்ந்து. நாலைந்து பேர் போதும். வெவ்வேறு துறையாக இருந்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருவர் தான் படித்ததைச் சொல்லட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது, நேரில் உட்காருங்கள். கோட்டைப் பக்கம் மாதிரி ஒரு பொது இடம் போதும்.