ஒட்டிய முகம்

வணக்கம். ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்னை நானே வரைந்த படத்தின் மேல் அம்மாவின் புடவைத் துண்டு, பழைய ரேஷன் கார்டு நகல், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் ஒட்டினேன். “முகம் எங்கேம்மா? ஆல்பம்தான் இருக்கு” என்கிறார் ஆசிரியர். படம் இணைத்திருக்கிறேன். எதை எடுப்பது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆசிரியர் சொன்னது பாதி சரி. பொருட்கள் நல்லவைதான், ஆனால் எல்லாம் முகத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ஓவியர் இன்ஜிடெகா அகுன்யிலி கிராஸ்பியின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1983-இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்தவர், 1999-இல் அமெரிக்கா போனார். பெரும்பாலும் ஒரு வீட்டு அறை, அதில் அவரைப் போலவே ஒரு பெண். தள்ளி நின்றால் அவ்வளவுதான். கிட்டே போனால் சுவரிலும் தரையிலும், சில படங்களில் தோலிலும்கூட, நைஜீரியப் பத்திரிகைப் படங்களும் குடும்பப் போட்டோக்களும். அவற்றில் பல ஒட்டியவை அல்ல. பிரிண்டைத் தாளில் கவிழ்த்துப் பின்பக்கம் அசிட்டோன் தடவித் தேய்க்கிறார். நெயில் பாலிஷ் அழிக்கிறோமே, அதே சரக்கு. மை தாளுக்கு இறங்கிவிடும், மங்கலாக, அங்கங்கே விட்டுப்போய். பளிச்சென்று விழுந்திருந்தால் அது போஸ்டர்.

நம் ஊர் பேனர் மாதிரி நைஜீரியாவில் முகம் அச்சடித்த துணி உண்டு. அவருடைய அம்மா டோரா அகுன்யிலி, நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். அவர் முகம் போட்ட துணியும் மகளின் படத்துக்குள் வருகிறது. அங்கே அந்தத் துணிக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் புடவைத் துண்டு ஓரத்தில் சும்மா நிற்கிறது. பின்னால் தொங்கும் திரையாக்கிப் பாருங்களேன்.

குரூப் போட்டோ வேண்டாம். அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

ரேஷன் கார்டை ஒட்டாமல் இறக்கிப் பாருங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் சரிவராது, ஜெராக்ஸ் போதும். எழுத்து இடவலம் மாறி விழும் என்பதால் முதலிலேயே திருப்பிப் பிரிண்ட் எடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தாங்காது.

அப்புறம், அந்தக் கார்டில் உங்கள் பெயருக்கு மேலே கோடு போட்டு அடித்த ஒரு பெயர் இருக்கிறதே, அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அது யார் என்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. கன்னத்தில் இறக்குங்கள்.