மதுரை வெயிலில் 5 கிலோமீட்டர் ஓட்டம்கூட ஆளைச் சாய்ப்பது ஏன்?

இதற்குப் பெயர் வெப்பத் தாக்கு. 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டிய உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறும் நிலை.

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதை வெளியேற்றும் முக்கிய வழி, வியர்வை ஆவியாவதுதான். நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். கசியும் நீர் ஆவியாகும்போதுதான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. காற்று ஈரமாக இருக்கும் நாளில் அவ்வளவாகக் குளிர்வதில்லை. கோடை மழை பெய்த மறுநாள் புழுக்கத்தில் ஓடுபவர் உடலும் அப்படித்தான். வியர்வை சொட்டும், ஆனால் சூடு இறங்காது.

சித்திரை, வைகாசியில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுபவர்கள் பொழுது விடியும்போதே முடித்துவிடுவது நல்லது. காலை எட்டு மணிக்குக் கொடியசைக்கும் பந்தயம் என்றால் நான் பெயர் கொடுக்கவே மாட்டேன். ஓடுபவர் தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

குறைந்த தூரம் என்பதால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குறுந்தூரத்தை வேகமாக ஓடுவதால் நிமிடத்துக்கு நிமிடம் உண்டாகும் வெப்பம் கூடுதல்.